இந்த வயசுல எதுக்குங்க ஆட்டம்?

சேலம் ஐந்து ரோட்டிலும் ஃபேர்லேண்ட்ஸிலும், நாமக்கல்லில் பரமத்தி ரோட்டிலும் மாடிகளில் இயங்கும் நடனப் பள்ளிகளின் பலகைகளில் பரதநாட்டியம், வெஸ்டர்ன், ஃப்ரீஸ்டைல் என்று வகைகள் நீளும். படத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் சின்னப் பிள்ளைகள். ஜூம்பா என்று எழுதியிருக்கும் இடத்தில்தான் பெரியவர்கள் தட்டுப்படுவார்கள். அவர்களும் எடை குறைக்க வந்தவர்கள். ஆட்டம் கற்க வந்தவர்கள் குறைவு. முப்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் மாடியேறிப் போய், பாலேயோ நவீன நடனமோ அடிப்படையிலிருந்து கற்க வேண்டும் என்று கேட்டால் "பாப்பாவுக்குங்களா சார்?" என்று எதிர்க்கேள்வி வரும். வீட்டில் சொன்னால் "இந்த வயசுல எதுக்குங்க ஆட்டம்?" என்பார்கள்.

இரண்டு கேள்விக்கும் அடியில் கிடக்கும் நம்பிக்கை ஒன்றுதான். ஆட்டத்தைப் பிஞ்சு உடம்பில் ஏற்ற வேண்டும், முற்றிய உடம்பில் ஏறாது. இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பழக்கதோஷம் என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை. என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயது ஒரு தடைதான், ஆனால் நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை. தரை, நேரம், அரசு விதி, ஊர்ப்பேச்சு, சொல்லிக்கொடுக்கும் முறை ஆகிய ஐந்தும் வயதைவிடப் பெரிய தடைகள். இந்தக் கொங்குச் சமவெளியிலேயே ஏராளமான பெரியவர்கள் ஆட்டம் கற்று அரங்கேறிக்கொண்டிருக்கிறார்கள். அதை நடன வகுப்பு என்று கணக்கில் எடுக்க நமக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

பாலேயின் வயதுக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்த்துவிடலாம். பதினேழாம் நூற்றாண்டு பிரான்ஸில் அது அரசவைக் கலை. பதினான்காம் லூயி தானே ஆடினார்; 1661-ல் நடனத்துக்கென்று ஓர் அகாதெமியும் நிறுவினார். அவரோடு ஆடிய பிரபுக்கள் வளர்ந்த ஆட்கள். ஆட்டம் அவையைவிட்டு மேடைக்குப் போய், சம்பளத்துக்கு ஆடும் தொழிலாக மாறியபோதுதான் குழந்தைகளைத் தேட ஆரம்பித்தார்கள். பாரிஸ் ஓபராவின் நடனப் பள்ளி 1713-ல் வந்தது. இன்றும் அங்கே எட்டு வயதிலிருந்து சேர்க்கிறார்கள். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் வாகனோவா பள்ளியில் பத்து வயதில் நுழைந்தால் எட்டாண்டுப் படிப்பு. பாரிஸ் ஓபராவில் ஆடுகிறவர்களுக்கு 42 வயதில் பணி ஓய்வு. பதினெட்டில் வேலை, நாற்பத்திரண்டில் ஓய்வு என்றால் பத்து வயதில் தொடங்கித்தான் ஆக வேண்டும். இது கம்பெனிக்கு ஆள் எடுக்கிற கணக்கு. மாலை நேரத்தில் தன் உடம்பைத் தெரிந்துகொள்ள வரும் வங்கி ஊழியருக்கும் அதே கணக்கைப் போடுவதில் நியாயமில்லை.

அந்தக் கணக்கையும் மீறியவர்கள் இருக்கிறார்கள். ருடால்ஃப் நுரேயேவ் வாகனோவா பள்ளிக்குள் நுழைந்தபோது அவருக்கு வயது 17; மற்றப் பையன்கள் பாதிப் படிப்பைத் தாண்டியிருந்தார்கள். மார்த்தா கிரஹாம் 1916-ல் டெனிஷான் பள்ளியில் சேர்ந்தபோது 22. உடம்பை உள்ளிழுத்து விடுவிக்கும் அவருடைய முறை பிற்பாடு நவீன நடனத்தின் முதுகெலும்பாயிற்று. இஸ்ரேலின் ஓஹாத் நஹாரின் முறையான பயிற்சிக்கு வந்ததும் 22 வயதில்தான். ஜப்பானின் கசுவோ ஓனோ தன் முதல் தனி நிகழ்ச்சியை 1949-ல், 43 வயதில் நிகழ்த்தினார். தொண்ணூறுகளிலும் மேடையில் இருந்தார். மும்பையில் யெஹூதா மாவோரிடம் பாலே கற்ற மணீஷ் சவுகான் டாக்சி ஓட்டுநரின் மகன். பாலே உலகம் மிகத் தாமதம் என்று சொல்லும் வயதில் தொடங்கியவர். 2020-ல் வந்த 'யே பாலே' படம் அவரையும் அவருடைய சக மாணவரையும் அடியொற்றியது. இவர்களெல்லாம் அபூர்வப் பிறவிகள், இவர்களைக் காட்டி எல்லோருக்கும் சட்டம் எழுத முடியாது என்பது சரியான மறுப்பே. அதனால் நம் ஊர் உதாரணத்துக்கு வருகிறேன்.

ருக்மணி தேவி அருண்டேல் 1904-ல் பிறந்தவர். நடனத்தோடு அவருக்கு முதல் தொழில்முறைப் பழக்கம் பாலே வழியாகத்தான் வந்தது. 1928-ல் ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவின் குழு இந்தியாவுக்கு வந்திருந்தது. அடுத்த ஆண்டு ஒரே கப்பலில் ஆஸ்திரேலியாவுக்குப் பயணம். அந்தப் பழக்கத்தில் பாவ்லோவா தன் குழுவைச் சேர்ந்த கிளியோ நார்டியை ருக்மணி தேவிக்குப் பாடம் சொல்லவைத்தார். அப்போது ருக்மணி தேவிக்கு இருபத்தைந்தை ஒட்டிய வயது, திருமணமானவர், தியாசபிக்கல் சொசைட்டியில் பெரிய பொறுப்பிலிருந்தவரின் மனைவி. உன் நாட்டுக் கலையைப் போய்ப் பார் என்று பாவ்லோவா அவரைத் திருப்பிவிட்டதாகச் சொல்வார்கள். பிறகு மியூசிக் அகாதெமியில் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவிகள் ஆடக் கண்டார். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்றார். 1935 டிசம்பரில், சொசைட்டியின் வைர விழாவையொட்டி அடையாற்றில் அரங்கேறினார். வயது 31. அடுத்த மாதமே கலாக்ஷேத்ராவின் தொடக்கம்.

இந்தத் தேதிகளை இன்னொரு தேதிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பாலசரஸ்வதி 1925-ல் காஞ்சிபுரத்தில் அரங்கேறியபோது அவருக்கு ஏழு வயது. பரம்பரையாக ஆடிய குடும்பங்களில் அதுதான் வழக்கம். விரல் பிடித்து நடக்கும்போதே தாளமும் காதில் விழுந்துவிடும். அந்த வழக்கத்துக்குள் முப்பது வயதில் ஒரு பெண் நுழைந்தது இரண்டு விஷயங்களைச் செய்தது. முட்டி மடக்கி நிற்கும் அரைமண்டியை வளர்ந்த உடம்பும் கற்கும் என்று காட்டியது ஒன்று. அந்தக் கலை யாருடையது என்ற கேள்வியைக் கிளப்பியது மற்றொன்று. கற்றுக்கொடுத்தவர்கள் இசை வேளாளர் நட்டுவனார்களும் தேவதாசி மரபில் வந்த பெண்களும். மேடையில் புதிய மதிப்பைப் பெற்றவர்கள் வேறு சமூகத்தார். 1947-ல் சென்னை மாகாணம் தேவதாசி முறையைச் சட்டத்தால் ஒழித்தபோது பழைய குடும்பங்களின் பெண்கள் பலர் ஆட்டத்தைவிட்டே ஒதுங்கினார்கள். இன்று சேலத்தில் ஒரு குழந்தை பரதநாட்டிய வகுப்புக்குப் போகிறதென்றால், அதற்குப் பின்னால் முப்பது வயதில் தொடங்கிய ஒருவரின் துணிச்சலும் இருக்கிறது, வேறு சிலரின் இழப்பும் இருக்கிறது. தாமதமாகக் கற்கும் துணிச்சல் எல்லோருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை. இந்த விஷயம் கீழே கும்மியிலும் நம்மைத் தொடரும்.

உதய் சங்கரின் கதை இதற்கு நேர்மாறான திசையில் ஓடுகிறது. ஓவியம் படிக்க லண்டன் போனவர். எந்தச் சாஸ்திரிய நடனத்திலும் முறையான பயிற்சி இல்லாமல் 1923-ல் பாவ்லோவாவோடு கிருஷ்ணனாக ஆடியபோது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார். பிற்பாடு அல்மோராவில் அவர் நடத்திய மையத்தில், பாலசரஸ்வதியின் குருவான கந்தப்பா பிள்ளை பரதநாட்டியம் சொல்லிக்கொடுத்தார். அங்கே இருந்த சோரா சேகல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் மேரி விக்மன் பள்ளியில் நவீன நடனம் படித்தவர். முன்பயிற்சி எதுவுமின்றி, வளர்ந்த பெண்ணாகப் போய்ச் சேர்ந்தவர். பாலே பள்ளியாக இருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். இரண்டு நடனங்களுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் வெளிப்படுகிறது. உடம்பு இப்படி இருக்க வேண்டும் என்று பாலே முன்கூட்டியே வரைந்து வைத்திருக்கிறது. நவீன நடனம் இருக்கிற உடம்பிலிருந்து தொடங்குகிறது.

இனி உடம்பைப் பற்றி. பாலேயின் அடிப்படை, கால்கள் இடுப்பிலிருந்து வெளிப்புறம் திரும்பி நிற்பது. பரதநாட்டியத்தின் அரைமண்டியும் அதே திருப்பத்தையே கேட்கிறது. தொடையெலும்பின் மேற்கழுத்து குழந்தை பிறக்கும்போது முன்பக்கம் வெகுவாகச் சாய்ந்திருக்கும். வளர வளர அந்தச் சாய்வு குறைந்து, பதின்ம வயது முடிவதற்குள் நிலைத்துவிடும். அதற்கப்புறம் எலும்பின் வடிவம் மாறாது. ஆகவே முப்பது வயதில் தொடங்குகிறவருக்குப் பாதங்கள் ஒரே கோட்டில் திரும்ப வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், இடுப்பு தராத திருப்பத்தை முழங்கால் தர முயலும். பெரியவர்களுக்கு முட்டிவலி வரும் வழி பெரும்பாலும் இதுதான். ஆனால் இருக்கிற திருப்பத்தை முழுசாகப் பயன்படுத்த விடாமல் தடுப்பது தசையின் பலவீனம். அதை எந்த வயதிலும் சரிசெய்யலாம். நல்ல ஆசிரியர் "இன்னும் திருப்பு" என்று சொல்ல மாட்டார். முட்டி பாதத்துக்கு நேராக மடங்குகிறதா என்று மட்டும் பார்ப்பார்.

அடுத்தது குதிகால் தசைநார். தசை சில வாரங்களில் பலப்படும். எலும்போடு தசையைக் கட்டும் தசைநாருக்கு ரத்த ஓட்டம் குறைவு, அது மாதக்கணக்கில்தான் தேறும். உற்சாகத்தில் முதல் மாதமே குதிக்க ஆரம்பிக்கும் நாற்பது வயதுக்காரர்கள் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்வது இதனால். நுனிவிரலில் நிற்கும் பாயின்ட் ஷூவை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. குழந்தைகளுக்கே பல ஆண்டுப் பயிற்சிக்குப் பிறகுதான் அதைத் தருவார்கள். பெரியவர்களில் சிலர் அங்கேயும் போய்ச் சேர்கிறார்கள். ஆனால் அதை இலக்காக வைத்துத் தொடங்குவது, நீச்சல் பழகும் முதல் நாளே ஆழக்கிணற்றில் குதிக்கிற காரியம்.

நன்மைகளின் பக்கத்தில் ஒரு புகழ்பெற்ற ஆய்வு உண்டு. 2003-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியானது. நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில் 75 வயது தாண்டிய 469 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வாசிப்பு, பலகை விளையாட்டு, இசைக்கருவி வாசிப்பது இவற்றோடு நினைவிழப்பு நோய் குறைவாக வருவதற்குத் தொடர்பு தெரிந்தது. உடலசைவுகளில் அந்தத் தொடர்பைக் காட்டியது நடனம் மட்டுமே. நம் பத்திரிகைகள் இதை "ஆடினால் மறதி வராது" என்று எழுதிவிடுகின்றன. ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. ஏற்கெனவே தெளிவாக இருப்பவர்கள்தான் ஆடப் போகிறார்களோ என்ற ஐயம் அப்படியே இருக்கிறது. ஆனாலும் இடம், திசை, தாளம், பக்கத்து ஆள் என்று ஒரே நேரத்தில் நான்கைந்தைக் கவனிக்க வைக்கும் வேலை டிரெட்மில்லில் கிடைப்பதில்லை. லண்டனின் ராயல் அகாதெமி ஆஃப் டான்ஸ் 2017-ல் 55 வயது கடந்தவர்களுக்கென்றே சில்வர் ஸ்வான்ஸ் என்ற பாலே வகுப்பைத் தொடங்கியது. ஜெர்மனியில் பீனா பவுஷ் தன் 'கோண்டாக்ட்ஹோஃப்' படைப்பை 2000-ல் 65 வயது தாண்டிய சாதாரண நகரவாசிகளை வைத்தே மேடையேற்றினார். இரண்டாவதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. முதலாவது பெரியவர்களுக்குச் சலுகை தருகிறது. இரண்டாவது அவர்கள் உடம்பில் கலைக்கு வேண்டியது ஏதோ இருக்கிறது என்கிறது.

சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு அது இருக்கிறது என்று 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு கணித்தது. வெறுங்காலோடு ஆடும் நடனங்களில் பாத உணர்வு மழுங்கியவர்கள் கொப்புளத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். தினமும் பாதத்தைப் புரட்டிப் பார்க்கிற பழக்கம் இருந்தால் ஆடலாம்.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால், உடம்பு சொல்லும் பதில் "மெதுவாக வா" என்பது. "வராதே" என்று அது எங்கும் சொல்லவில்லை. அப்படியானால் சேலம் நாமக்கல்லில் பெரியவர்களுக்கான வகுப்பு ஏன் முளைக்கவில்லை?

முதல் காரணம் கால்களுக்கு அடியில் இருக்கிறது. இங்குள்ள பெரும்பாலான பயிற்சிக்கூடங்கள் மாடியில், கான்கிரீட்டின்மேல் பளபளக்கும் டைல்ஸ் பதித்தவை. பாலேக்கும் நவீன நடனத்துக்கும் வேண்டியது குதித்து இறங்கும்போது சற்றே அமுங்கி மீளும் மரத்தரை. பத்து வயதுப் பிள்ளை டைல்ஸில் குதித்தால் எழுந்து ஓடிவிடும். அறுபத்தைந்து கிலோ உடம்பு குதித்தால் அதிர்ச்சி முழுவதும் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் முதுகுக்கும் போகும். இதற்கு மாற்றாக ஜிம்களில் விரிக்கும் ரப்பர் பாயைப் போடுகிறார்கள், அது இன்னும் மோசம். சுற்றும்போது பாதத்தைப் பிடித்துக்கொள்ளும். உடம்பு திரும்பிவிடும், பாதம் திரும்பாது, இடையில் மாட்டிக்கொள்வது முழங்கால். ரப்பர் கட்டைகளின்மேல் மரச்சட்டம், அதன்மேல் இரண்டடுக்கு பிளைவுட், மேலே வழுக்காத வினைல் விரிப்பு. வேண்டியது இவ்வளவே. லாரிக்குப் பாடி கட்டிக் கொடுத்தே நாடு முழுக்கப் பேர் வாங்கிய நாமக்கல்லில் மரத்துக்கும் ஆசாரிக்கும் பஞ்சமா என்ன? யாரும் கேட்கவில்லை, ஆகவே யாரும் செய்யவில்லை.

இரண்டாவது நேரம். குமாரபாளையம், பள்ளிபாளையம் விசைத்தறிகள் ஷிப்ட் கணக்கில் ஓடுகின்றன. திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டிகளோடு போகிறவர்கள் மாதக்கணக்கில் வெளிமாநிலத்தில். கோழிப்பண்ணைக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. வீட்டுப் பெண்களுக்கு மாலை ஐந்திலிருந்து எட்டு வரை பிள்ளைகளின் டியூஷனும் சமையலும். நடனப் பள்ளிகளோ அந்த ஐந்திலிருந்து எட்டுக்குள்தான் நடக்கின்றன, ஏனென்றால் குழந்தைகள் அப்போதுதான் வருவார்கள். வார இறுதியில் பெங்களூர் போய்க் கற்கலாம் என்பார்கள். சேலத்திலிருந்து இருநூறு கிலோமீட்டர், ரயில் வசதியும் உண்டு. ஜெயச்சந்திரன் பலாழி நிறுவிய, அங்கே இருக்கும் ஆட்டக்களரி, தென்னிந்தியாவில் சமகால நடனத்தை முறையாகக் கற்பிக்க முனைந்த முன்னோடி நிறுவனம். ஐ.டி. இளைஞருக்கு அது சாத்தியம். ஜவ்வரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவருக்கு இல்லை. 2020 ஊரடங்குக்குப் பிறகு பரவிய திரைவழி வகுப்பு தூரத்தைக் குறைத்தது உண்மை. ஆனால் முட்டி தவறாக மடங்குவதை ஒரு செல்போன் சட்டகத்தில் யார் பார்ப்பது?

மூன்றாவது, அரசு. கலைப் பண்பாட்டுத் துறையின் மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம் முதலியவற்றோடு பரதநாட்டியமும் மூன்றாண்டுச் சான்றிதழ்ப் படிப்பாக இருக்கிறது. கட்டணம் மிகக் குறைவு. சேர்க்கை வயது 12 முதல் 25 வரை. வேலைக்குப் போகும் தகுதிச் சான்று என்ற நோக்கில் அந்த வரம்பைப் புரிந்துகொள்ளலாம்தான். ஆனால் வேலையும் வேண்டாம், மேடையும் வேண்டாம், கற்றால் போதும் என்று வருகிற நாற்பது வயதுப் பெண்ணுக்கு அரசு சொல்லும் பதிலும் "இந்த வயசுல எதுக்குங்க" என்றே ஆகிறது.

நான்காவது ஊர்ப்பேச்சு. பாலேயின் ஒட்டிய உடை, ஆளுயரக் கண்ணாடி, ஆணும் பெண்ணும் கலந்த வகுப்பு, ஒருவர் உடம்பின் எடையை மற்றவர் தாங்கும் சமகாலப் பயிற்சிகள். எல்லாவற்றுக்கும் இங்கே விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். ஆனால் இந்தத் தடை தாண்ட முடியாதது என்று நான் எண்ணவில்லை. காரணம், வள்ளி கும்மி.

கொங்குச் சமவெளி முழுக்க, கோவையிலிருந்து ஈரோடு, நாமக்கல், சேலத்தின் மேற்குப் பகுதிகள் வரை, கடந்த சில ஆண்டுகளாக நடப்பதைக் கவனித்தவர்களுக்குத் தெரியும். ஊர்க் கோயில் திடலில் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னாலோ பின்னாலோ ஆட்கள் கூடுகிறார்கள். ஆசிரியர் மைக்கைப் பிடித்து வள்ளி முருகன் கதையைப் பாட, ஜமாப் மேளம் அடிக்க, வரிசைகள் நகர்கின்றன. குனிவு, நிமிர்வு, கைத்தட்டு, பாதி சுற்று, முழுச் சுற்று. பேத்தியும் பாட்டியும் ஒரே வரிசையில். இரண்டு மூன்று மாதம் இப்படிப் பழகி, ஒரே நிறச் சேலை எடுத்து, ஊரைக் கூட்டி அரங்கேற்றம். ஆட்டம் மணிக்கணக்கில் போகும். பெருந்துறையில் பல்லாயிரம் பெண்கள் ஒரே திடலில் ஆடிய செய்தி நாடு முழுக்க வந்தது. ஒரு காலத்தில் இது ஆண்களின் ஆட்டம். கோவை மாவட்டத்தைச் சேர்ந்த பத்திரப்பன் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்து அந்த வழக்கத்தை உடைத்தார். 2024-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது வயது 87.

பெரியவர்களின் நடனக் கல்வி என்ற கோணத்தில் இதைப் பிரித்துப் பார்த்தால், மாடி வகுப்பு தோற்கும் எல்லா இடத்திலும் திடல் ஜெயிக்கிறது. தரை, மண். நேரம், வேலை முடிந்தபின். கண்ணாடி இல்லை, முன்வரிசைக்காரரைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம். தவறினால் வரிசை மூடிக்கொடுக்கும். அசைவுகள் எளியவற்றிலிருந்து அடுக்கடுக்காக ஏறுகின்றன. எல்லாவற்றுக்கும் மேல், தனியாக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை, ஊரே வெட்கத்தைப் பங்குபோட்டுக்கொள்கிறது. நாற்பத்தைந்து வயதில் ஒரு பெண் இரண்டு மணி நேரம் முட்டி மடக்கி ஆட முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய ஆய்வு எனக்குத் தேவையில்லை.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். ஆட்டமாகப் பார்த்தால் கும்மி ஒரே மாதிரியாக நின்றுவிடுகிறது. அரங்கேற்றத்தோடு படிப்பு முடிந்துபோகும். உடம்பை ஆராயவோ, தனக்கென்று ஒரு அசைவைக் கண்டுபிடிக்கவோ அதில் இடமில்லை. இதைவிடக் கடினமான குறை, திடல் யாருடையது என்பது. கோயில் திடலுக்கு எல்லாத் தெருக்காரர்களும் ஒரே மாதிரி வர முடியாது. சில அரங்கேற்ற மேடைகளில் பெண்களைச் சாதிக்குள்ளேயே மணம் முடிப்போம் என்று உறுதியெடுக்க வைத்தது பொதுவெளியில் கண்டனத்துக்குள்ளானது. சாதி அமைப்புகளும் கட்சிகளும் இந்தக் கூட்டத்தை வாக்காகப் பார்க்கின்றன. அடையாற்றில் 1935-ல் எழுந்த கேள்வியின் வேறொரு வடிவம் இது. அங்கே ஒரு சமூகத்தின் ஆட்டத்தை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இங்கே ஒரு சமூகம் பொது ஆட்டத்துக்கு வேலி கட்டப் பார்க்கிறது. பெண்கள் வயது வேலியைத் தாண்டி வந்து சாதி வேலிக்குள் நிற்பது எனக்குச் சமாதானமாக இல்லை.

நவீன நடனம் இந்த மண்ணில் பயன்படும் இடம் இதுதான் என்பது என் எண்ணம். அதற்குச் சாதியின் ஞாபகமும் இல்லை, குழந்தைப்பருவ நிபந்தனையும் இல்லை. சென்னையின் சந்திரலேகா 1985-ல் 'அங்கிகா'வை மேடையேற்றியபோது ஐம்பது வயதைத் தாண்டியிருந்தார். பரதநாட்டியத்திலிருந்து அலங்காரத்தைக் கழற்றி, யோகாவையும் களரிப்பயற்றையும் பக்கத்தில் வைத்து, முதுகெலும்பிலிருந்து ஆட்டத்தைத் தொடங்கினார். அவருடைய குழுவிலிருந்து வந்த பத்மினி செட்டூர் மிக மெதுவான, ஆரவாரமற்ற அசைவுகளில் தன் வழியைக் கண்டார். இந்த வழியில் கால் எவ்வளவு உயரம் தூக்கினாய் என்ற கேள்விக்கு மதிப்பில்லை. மார்த்தா கிரஹாமின் பாடத்தில் பாதி வகுப்பு தரையில் உட்கார்ந்தே நடக்கும். சம்மணமிட்டுச் சாப்பிடவும் குந்தி உட்கார்ந்து வேலை பார்க்கவும் பழகிய உடம்புக்கு அந்தத் தரை அந்நியமாக இருக்காது.

கூத்தும் இங்கே இருக்கிறது. மேட்டூர், ஓமலூர், எடப்பாடி பக்கங்களில் இன்றும் விடியவிடியக் கூத்து நடக்கிறது. ஆடுகிறவர்கள் பகலில் கூலி வேலைக்குப் போகிறவர்கள். 'மணல்வீடு' இதழின் ஆசிரியர் மு. ஹரிகிருஷ்ணன் ஏர்வாடியிலிருந்து இந்தக் கலைஞர்களுக்காகப் பல காலமாக இயங்கிவருகிறார். கட்டை கட்டிய கனத்தோடு கூத்தாடி ஒரே இடத்தில் வேகமாகச் சுற்றும் கிறிக்கியைப் பார்த்தவர்கள், பாலேயின் சுற்றலைக் கண்டு வாய் பிளக்க மாட்டார்கள். தலைசுற்றாமல் இருக்கப் பார்வையை ஓரிடத்தில் நிறுத்தித் தலையைக் கடைசியில் திருப்புவது பாலேக்காரர்களின் உத்தி. கூத்தாடியிடம் அதற்கு என்ன உத்தி என்று சேலத்து நடனப் பள்ளிகளில் எத்தனை பேர் போய்க் கேட்டிருப்பார்கள்?

பாலே வேண்டாமா என்றால், வேண்டும். அதன் மேடைக் கனவு வேண்டியதில்லை. அதன் வகுப்பு முறை வேண்டும். கம்பியைப் பிடித்துக்கொண்டு சின்ன மடக்கலில் தொடங்கி, பாதம், கணுக்கால், முட்டி, இடுப்பு என்று ஒவ்வொன்றாகச் சூடேற்றி, பிறகு கம்பியைவிட்டு நடுவுக்கு வந்து, மெதுவானதை முடித்துக் கடைசியில் குதிப்புக்குப் போகும் அந்த ஒழுங்கு நூற்றாண்டுகளாகத் தேய்த்துச் சீராக்கியது. பெரியவர் உடம்புக்கு அதைவிடப் பாதுகாப்பான வரிசை கிடைப்பது கஷ்டம். நம் பள்ளிகளில் பெரும்பாலும் ஆண்டு விழாப் பாட்டுக்கு நேரடியாக ஸ்டெப் போடுவதில்தான் பாடம் தொடங்குகிறது. பிள்ளைகள் பார்த்துப் பிடித்துக்கொள்வார்கள். பெரியவர் "ஏன்?" என்று கேட்பார். காரணம் தெரிந்தால் அவருக்கு வேகமாக ஏறும், தெரியாவிட்டால் ஏறவே ஏறாது. அதற்குப் பதில் சொல்லத் தெரிந்த மாஸ்டர்கள் வேண்டும், அதற்கு மாஸ்டர்களுக்கும் எலும்பும் தசையும் பற்றிய பாடம் வேண்டும்.

ஆக, இந்தச் சமவெளிக்கு ஏற்ற வகுப்பு எப்படி இருக்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். இரவு ஏழரைக்குத் தொடங்க வேண்டும். தரை மரமாகவோ மண்ணாகவோ இருக்க வேண்டும். உடை, அவரவருக்கு முட்டி மடக்க வசதியான சுடிதார் அல்லது டிராக் பேன்ட். முதல் அரைமணி கம்பிப் பயிற்சி, அடுத்தது தரைப் பயிற்சி, கடைசியில் கும்மியின் நடையோ கூத்தின் அடவோ, அதைச் சொல்லித்தர அந்தந்தக் கலைஞரே, உரிய சம்பளத்தோடு. முதல் ஆண்டு அரங்கேற்றம் கிடையாது. எந்தத் தெருவிலிருந்து வந்தாலும் ஒரே வரிசை.

தனியார் பள்ளிகள் இதைத் தொடங்கத் தயங்குவதில் தப்பில்லை. வாடகை கொடுப்பது குழந்தைகள்தான். அரசு இசைப் பள்ளிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பகுதிநேர நாட்டுப்புறக் கலைப் பயிற்சி மையங்களை அதே கலைப் பண்பாட்டுத் துறை ஏற்கெனவே தொடங்கியிருக்கிறது. பகுதிநேரக் கற்றல் என்பது அவர்களுக்குப் புதிதல்ல. மாவட்டப் பள்ளிகளில் சான்றிதழ் தேவைப்படாதவர்களுக்கு 25 என்ற வரம்பை நீக்கி, பணி முடிந்த நேரத்தில் ஒரு வகுப்பைச் சேர்க்க ஓர் அரசாணையும் இரண்டு பகுதிநேர ஆசிரியர்களும் போதும். மரத்தரைக்கு மட்டும் நாமக்கல்லிலிருந்து ஆள் வரவழைக்க வேண்டியிருக்கும்.